நான்கு கறுப்புப் படிகள்

மரியே வாழ்க!

தொம்மலூர்,
11.2.1996

அன்புத் தம்பி வின்சென்ட்டுக்கு,

அக்கா எலிசபெத் எழுதுவது. நான், உன் மாமா, பவுலின், அப்பா எல்லோரும் மாதா புண்ணியத்தில் சுகம். நீ சார்ஜாவில் இறங்கிவிட்டாய் என்று உன்னை அனுப்பிய ஏஜென்ட் ஆள் வந்து சொன்னான். ஆனால் உன் கையெழுத்தைப் பார்க்கிற வரைக்கும் எனக்கு நம்பிக்கை வராது. தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா? வயிறு எப்படி இருக்கிறது?

நீ கிளம்புவதற்கு நான்கு நாள் முன்னால் வைத்துக் கொடுத்த வாசற்படிகள்தான் இப்போது தெருவுக்கே பேச்சு. பவுலின் பள்ளிக்கூடம் போகுமுன் இரண்டாம் படியைப் பார்த்துத்தான் தலை வாருகிறாள். வீட்டில் கண்ணாடி இருக்கிறதே என்றால் கேட்பதில்லை. எதிர்வீட்டு அனந்தலக்ஷ்மி அம்மா செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு, "ஏன்ரீ எலிசபெத், இது வீட்டுப் படியா, நகைக்கடைப் படியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். "வாசல்ல வைக்கிற கல்ல கொத்திப் போடுடா, ஈரத்துல கால் நிக்கணும்" என்று அப்பா சொன்னதற்கு நீ பதில் பேசினாயே, "உனக்குக் கல்ல உடைக்கத்தானேப்பா தெரியும், தேய்க்கிறதப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்று. முப்பத்தோரு வருஷம் கோலார் தங்கச் சுரங்கத்தில் பாறை உடைத்துத்தான் நம்மை வளர்த்தார். அவர் உள்ளே போய்விட்டார். நீயும் விமானம் ஏறிவிட்டாய். எனக்கு அது நெஞ்சில் முள்ளாய் நிற்கிறது.

வழக்கம் போல அப்பா இரண்டு வரி எழுத அடியில் இடம் விட்டிருக்கிறேன்.

உன் அக்கா,
எலிசபெத்

படி நன்றாக இருக்கிறது. கொத்தியிருந்தால் இன்னும் நல்லது. வேளைக்குச் சாப்பிடு. – சவரிமுத்து


சார்ஜா,
8.3.1996

அக்காவுக்கு வின்சென்ட்டின் வணக்கம். மாமாவுக்கும் அப்பாவுக்கும் என் அன்பு. பவுலினுக்கு ஒரு முத்தம். நான் சுகம். இங்கே ஓர் அறையில் பன்னிரண்டு பேர். சமையல் முறை போட்டுச் செய்கிறோம். என் முறை வரும் நாளில் பாதிப் பேர் வெளியே போய்ச் சாப்பிடுகிறார்கள். பாஸ்போர்ட்டைக் கம்பெனி வாங்கி வைத்துக்கொண்டது. இரண்டு வருஷம் முடியாமல் கைக்கு வராது.

நகைக்கடைப் படி என்று அந்த அம்மா சொன்னதைப் படித்ததும் தலைகால் புரியவில்லை. அது சும்மா கிடைத்த பளபளப்பா? கனகபுரா கறுப்புக் கல், அக்கா. ஜப்பானுக்குப் போக வேண்டிய பலகை. ஒரு மூலை உடைந்ததால் சந்தாபுராவில் எங்கள் பட்டறையிலேயே நின்றுவிட்டது. முதலாளி கிருஷ்ணப்பா, "தகொண்டு ஹோகப்பா, அக்கா வீட்டுக்குத்தானே" என்று எடுத்துப் போகக் கொடுத்துவிட்டார். ஆறு நாள் ஷிப்டு முடிந்த பிறகு நின்று தேய்த்தேன். முதலில் அறுபதாம் நம்பர் தேய்ப்புக் கல், பிறகு நூற்றிருபது, இருநூற்றிருபது, நானூறு என்று ஏறிக்கொண்டே போக வேண்டும். தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அவசரப்பட்டு நடுவில் ஒரு நம்பரைத் தாண்டினால் தொலைந்தது. மேலே எவ்வளவு மெருகு ஏற்றினாலும் அடியில் கீறல் நிற்கும், வெயிலில் காட்டிக்கொடுத்துவிடும். நம் படியை வெயிலில் சாய்ந்து பார். ஒரு கீறல் காட்டு பார்க்கலாம்.

கொத்தின கல் மாட்டுக் கொட்டகைக்கு. அம்மை போட்ட முகம் மாதிரி இருக்கிறதை வீட்டு வாசலில் வைப்பார்களா? இது சுரங்கம் இல்லை, தொம்மலூர் என்று அப்பாவிடம் சொல். கடிதம் வந்ததும் அவருடைய இரண்டு வரியைத்தான் முதலில் படித்தேன். "நல்லா தேய்ச்சிருக்கே" என்று ஒரே ஒரு தடவை எழுதச் சொல் அக்கா. எனக்கு அது போதும்.

அன்புடன்,
வின்சென்ட்


மரியே வாழ்க!

தொம்மலூர்,
5.5.1996

அன்புத் தம்பிக்கு,

அக்கா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. எல்லோரும் நலம். உன் கடிதம் வந்து பல நாள் ஆகிறது. பவுலின் முதல்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குக் கவுன் தைக்கக் கொடுத்துவிட்டு டெய்லர் வாசலில் நின்றே என் காலம் போகிறது. ஜூன் ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை, பூசை. பிறகு வீட்டில் விருந்து. கோலாரிலிருந்து உறவு முழுக்க வருகிறது. நீ மட்டும் இல்லை.

போன வாரம் முதல் கோடைமழை. மழை விட்டதும் அப்பா வெறுங்காலோடு போய் மேல்படியில் ஒரு காலை மட்டும் வைத்து, அழுத்தி, எடுத்துப் பார்த்தார். உள்ளே போய் அரிசிச் சாக்கு நான்கைக் கொண்டுவந்து படிக்கு ஒன்றாக விரித்துவிட்டார். உன் ஜப்பான் கல்லின் மேல் கோணிச்சாக்கு! அனந்தலக்ஷ்மி அம்மா முகத்தில் நான் எப்படி விழிப்பது? வெயில் நாளிலும் எடுக்க விடுவதில்லை. புதுநன்மை அன்றைக்காவது எடுத்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். வந்தவர்கள் என் தம்பி கைவேலையைப் பார்க்க வேண்டாமா?

நீ கேட்டதைச் சொன்னேன். சிரித்துக்கொண்டார். "அத எழுத்துல எதுக்குக் கேக்குறான்? வரட்டும், நேர்ல சொல்றேன்" என்றார். கோபம் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

அக்கா எலிசபெத்

நல்ல மழை. சாக்கு போட்டேன். தப்பாக நினைக்காதே. – சவரிமுத்து


சார்ஜா,
31.5.1996

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீங்கள் எல்லோரும் நலமா? மாமாவின் முதுகுவலி எப்படி?

இங்கே ஒரு பெரிய ஹோட்டலில் நீச்சல் குளம் கட்டும் வேலை. மூன்று வாரத்துக்கு முன்னால் குளத்துப் படிக்கு வந்த கல்லை, யாரும் சொல்லாமலே, எனக்குத் தெரிந்த மாதிரி முகம் தெரியத் தேய்த்து வைத்தேன். பாராட்டுவார்கள் என்று நினைத்தேன். போர்மேன் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து கல்லின் மேல் கொட்டி, "நட" என்றான். நடந்தேன். இரண்டாம் அடியில் உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

தண்ணீர் படுகிற இடத்துக் கல்லை இங்கே நெருப்பில் காட்டுகிறார்கள் அக்கா. கேஸ் குழாயில் நீல நெருப்பு வருகிறது. அதை மெதுவாகக் கல்லின் மேல் நகர்த்தினால், கடுகு பொரிகிற மாதிரி மேல்தோல் பொரிந்து தெறிக்கிறது. மினுக்கம் போய்க் கல் சொரசொரப்பாகிவிடுகிறது. அந்தக் குழாய் இல்லாத இடத்தில் பல் வைத்த சுத்தியலால் கொத்துகிறார்கள். அதை இப்போது நானே செய்கிறேன்.

நம் படியைப் பற்றி ஒன்று எழுத வேண்டும் என்று இருந்தேன். பிறகு எழுதுகிறேன். அப்பா போட்ட சாக்கு இருந்தால் அப்படியே இருக்கட்டும். நீ எடுக்க வேண்டாம். அங்கே மழை எப்படி?

பவுலினுக்கு என் வாழ்த்தைச் சொல். ஒன்பதாம் தேதிக்குள் இது வந்து சேருமோ தெரியாது.

வின்சென்ட்


மரியே வாழ்க!

தொம்மலூர்,
30.6.1996

தம்பி வின்சென்ட்டுக்கு,

சுகம். உன் சுகம் கேட்டு எழுதுகிறேன். உன் கடிதம் பன்னிரண்டாம் தேதி வந்தது.

பவுலினுக்குப் புதுநன்மை நல்லபடியாக ஆயிற்று. கவுன் சரியாக இருந்தது. மத்தியானம் மழை வந்தது. வந்தவர்கள் எல்லோரும் படியைப் பார்த்தார்கள்.

சாக்கைப் பற்றி எழுதியிருந்தாய். சாக்கு இப்போது போட்டுத்தான் இருக்கிறது.

அப்பா இந்த முறை எழுதவில்லை. கண்ணாடி மாற்ற வேண்டும்.

எலிசபெத்


சார்ஜா,
26.7.1996

அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன். உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கமாவது இருக்கிறதா என்று. விருந்தில் என்ன சமைத்தாய், யார் யார் சண்டை போட்டார்கள் என்று ஒன்றுமே இல்லை. நீ எழுதினது மாதிரியே இல்லை.

கண்ணாடி இல்லாமல் இரண்டு வரி எழுத முடியாதா அவரால்? பாதாளத்தில் ஒற்றை விளக்கில் வேலை பார்த்த மனிதர். நான் பேசின பேச்சு இன்னும் அவர் மனதில் இருக்கிறது. வேறென்ன? அந்த வார்த்தையை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று சொல். வேண்டாம், சொல்லாதே. ஊருக்கு வந்து நானே சொல்கிறேன். படியைப் பற்றி எழுத நினைத்ததும் அப்படியே இருக்கட்டும். எல்லாவற்றையும் சேர்த்து நேரில் பேசிக்கொள்ளலாம்.

கண்ணாடி மாற்றியதும் எழுதச் சொல். எதை எழுதினாலும் சரி, திட்டினாலும் சரி.

அன்புடன்,
வின்சென்ட்


மரியே வாழ்க!

தொம்மலூர்,
15.9.1996

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் இருக்கிறோம். நீ உடம்பைப் பார்த்துக்கொள். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். வீட்டில் வேலை கூடிவிட்டது.

எட்டாம் தேதி சிவாஜிநகர் மாதா திருநாளுக்கு நானும் பவுலினும் போய் வந்தோம். அப்பா வரவில்லை, கூட்டம் அதிகம். உனக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். அப்பாவின் கட்டிலை உன் மாமா முன்னறைக்கு மாற்றியிருக்கிறார். ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்க்கலாம் என்று.

அப்பாவுக்கு உன் மேல் ஒரு கோபமும் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன். உன் கடிதத்தை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார். நீ பேசின பேச்சைப் பற்றி எழுதியிருந்த இடத்தில், "விடு, சின்னப் பையன்" என்றார். இதற்கு மேல் கேட்காதே வின்சென்ட்.

அக்கா


சார்ஜா,
11.10.1996

அக்காவுக்கு,

வணக்கம். நான் இருக்கிறேன்.

கோபம் இல்லையாம். கடிதத்தை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்பாராம். பேனாவை மட்டும் தொட மாட்டாராம். நான் என்ன பச்சைக் குழந்தையா? இந்த அறையில் எல்லோருக்கும் வீட்டிலிருந்து எழுதுகிறார்கள். எழுதத் தெரியாத தகப்பன் கூடக் கைநாட்டு வைத்து அனுப்புகிறான்.

அந்தப் படிக்காக ஆறு நாள் என் தோள்பட்டை கழன்றது. தினமும் அதில்தானே ஏறி இறங்குகிறார்? அந்த நன்றிக்காகவாவது இரண்டு வரி எழுதக் கூடாதா?

அவர் எழுதட்டும், பிறகு நான் எழுதுகிறேன். அதுவரை என் கடிதத்தை எதிர்பார்க்காதே. கிறிஸ்துமஸ் வாழ்த்தை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வின்சென்ட்


மரியே வாழ்க!

தொம்மலூர்,
12.1.1997

அன்புத் தம்பி வின்சென்ட்டுக்கு,

அக்கா அழுதுகொண்டே எழுதுவது. நீ சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலை சொல்கிறேன். ஏழு மாதமாக மறைத்ததை இன்று எழுதிவிடுகிறேன். அப்பாவின் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

புதுநன்மை அன்று காலையில் சாக்கை எடுத்தது நான். அப்பா தடுத்தார். "வானம் மூடியிருக்கு, இன்னிக்கி வேணாம்மா" என்றார். "உங்க பையன் வேலைய நாலு பேர் பாக்கட்டுமேப்பா" என்றேன். சாக்கை மடித்துக் குளியலறைக்குப் பின்னால் போட்டுவிட்டேன். மத்தியானம் மழை. வந்திருந்த கிழவி ஒருத்தியைக் கைபிடித்து இறக்கிவிட அப்பா போனார். அவளைக் கீழே இறக்கிவிட்டுத் திரும்பி ஏறும்போது மூன்றாம் படியில் கால் போய்விட்டது. ஊன்றிய வலது கை மணிக்கட்டும் இடுப்பெலும்பும் முறிந்தன. பாதாளத்தில் பாறை வெடித்துச் சிதறிய நாளில் கூட நடந்தே வீட்டுக்கு வந்தவர். ஏழு மாதமாகக் கட்டிலை விட்டு இறங்கவில்லை. மணிக்கட்டு கோணலாகச் சேர்ந்துவிட்டது. விரல்கள் மடங்கவில்லை. கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நான் எழுதியது பொய்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும்போதே என்னிடம் சொல்லிவிட்டார்: "வின்சென்ட்டுக்கு எழுதாத. அவன் கையால தேய்ச்ச கல்லு. அதுல நான் விழுந்தேன்னு தெரிஞ்சா அந்த வேலையவே வெறுத்துருவான். அங்க தனியா இருக்கான்." பிறகு உன் அக்டோபர் கடிதம் வந்தது. தினமும் படியில் ஏறி இறங்குகிறார் என்று நீ எழுதியிருந்த வரியை விட்டுவிட்டுப் படித்தேன். என் குரலிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. முழுக்கப் படி என்றார். படித்தேன். அன்றைக்கே பவுலினின் சிலேட்டைக் கேட்டு வாங்கி இடது கையால் எழுதிப் பழக ஆரம்பித்தார். மூன்று மாதம். பவுலின்தான் வாத்தியார். வளைவு சரியில்லை என்று அதட்டுவாள். இப்போதுதான் காகிதத்தில் எழுத வந்தது. காலண்டர் தேதித்தாளின் பின்பக்கத்தில் எழுதியதைச் சேர்த்து அனுப்புகிறேன்.

இப்போது நெஞ்சில் சளி. சாப்பாடு குறைந்துவிட்டது. சீக்கிரம் ஒரு வரி எழுது தம்பி. உன் வார்த்தையை அவர் காதால் கேட்கட்டும்.

உன் அக்கா,
எலிசபெத்

நல்லா தேய்ச்சிருக்கே. நான்தான் பார்த்து நடக்கவில்லை. – அப்பா


சார்ஜா,
7.2.1997

அன்புள்ள அக்காவுக்கு,

இதை அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு. ஒரு வரியைக் கூட விடாதே.

உன் கடிதம் வந்து பதினான்கு நாள் ஆகிறது. தினமும் எழுத உட்கார்ந்தேன். "அன்புள்ள அப்பாவுக்கு" என்று எழுதியதும் கை நின்றுவிடும். அனந்தலக்ஷ்மி அம்மா வீட்டு நம்பருக்குப் போன் செய்ய மூன்று தரம் பூத்துக்குப் போனேன். வரிசையில் நின்று, என் முறை வந்ததும் திரும்பி வந்துவிட்டேன். அந்தத் தேதித்தாள் என் சட்டைப்பையில் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் சுரங்கத்து ஹாஜர் புத்தகத்தில் போடுகிற மாதிரி பெயரைத்தான் போடுவார். முதல் தடவையாக அப்பா என்று எழுதியிருக்கிறார்.

அப்பா, நான் நன்றாகத் தேய்க்கவில்லை. எனக்குத் தெரியும். மே மாதம் போர்மேன் தண்ணீரைக் கொட்டின அன்றே தெரிந்துவிட்டது, நீங்கள் சொன்னது சரி என்று. விழுந்து எழுந்ததும் நம் வாசல்தான் ஞாபகம் வந்தது. அன்றைக்கே எழுதியிருந்தால் ஒன்பதாம் தேதிக்கு முன்பே கடிதம் வந்திருக்கும். மூன்று வாரம் சும்மா இருந்தேன். "உனக்கு என்ன தெரியும்" என்று கேட்டுவிட்டு, உங்களுக்குத்தான் தெரியும் என்று எழுத மனம் வரவில்லை. கடைசியில் எழுதியபோதும் சாக்கு இருக்கட்டும் என்று மட்டும் எழுதினேன், காரணத்தை எழுதவில்லை. விழுந்தது நீங்கள் பார்த்து நடக்காததால் இல்லை. அக்கா சாக்கை எடுத்ததாலும் இல்லை. என் வீம்பால். அக்காவை எதுவும் நினைக்காதீர்கள். என்னை மன்னித்துவிடுங்கள் அப்பா. கல்லைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததில் கால்வாசி எனக்குத் தெரியாது.

அக்கா, மேஸ்திரி சண்முகத்தைக் கூப்பிடு. நான்கு படியையும் கொத்தச் சொல். பல் சுத்தியலை நேராகப் பிடிக்கச் சொல், சாய்த்தால் ஓரம் சில்லாகப் பெயரும். முனையில் இரண்டு விரல் அகலம் விட்டுவிட்டு உள்ளே மட்டும் கொத்தட்டும். அங்கே பளபளப்பு ஒரு பொட்டுக் கூட மிச்சம் இருக்கக் கூடாது.

லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். தரமாட்டார்கள் என்று தெரிகிறது.

வின்சென்ட்


மரியே வாழ்க!

தொம்மலூர்,
23.3.1997, குருத்து ஞாயிறு

அன்புத் தம்பி வின்சென்ட்டுக்கு,

அக்கா எழுதுவது. கம்பெனிக்குக் கொடுத்த தந்தி உனக்குக் கிடைத்திருக்கும். சாப்பிடாமல் இருக்காதே. உன்னைப் பற்றி அவர் கடைசியாகச் சொன்னதும் சாப்பாடுதான்: "அவன் வேளைக்குச் சாப்பிடுறானாமா?"

சாம்பல் புதன் அன்று பங்குச் சாமியார் வீட்டுக்கே வந்து நெற்றியில் சாம்பல் இட்டார். சனிக்கிழமை, பதினைந்தாம் தேதி விடியும்போது அப்பா போய்விட்டார். கஷ்டப்படவில்லை. உன் கடிதம், நாற்பது நாள் வழியில் எங்கே கிடந்ததோ, பத்தொன்பதாம் தேதி, புதன்கிழமை, வந்தது.

அதைப் படித்துக் காட்டு என்று எழுதியிருந்தாய். ஓசூர் ரோடு கல்லறைக்கு எடுத்துக்கொண்டு போய் முழுவதும் சத்தமாகப் படித்தேன். ஒரு வரியைக் கூட விடவில்லை. அக்காவை எதுவும் நினைக்காதீர்கள் என்ற இடத்தை மட்டும் இரண்டு தரம் படித்தேன். பக்கத்தில் பூ வைக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். அப்பா கடைசிவரை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சண்முகம் வந்து மூன்று நாள் உட்கார்ந்து கொத்தினார். முதல் அடி விழுமுன், "மனசே வரலைம்மா, எவ்ளோ அழகா தேய்ச்சிருக்கான்" என்றார். கொத்துங்கள் என்றேன். இரண்டாம் படி வந்தபோது பவுலின் அழுதாள், பிறகு அவளே துடைப்பத்தை எடுத்துத் தூளைக் கூட்டினாள். இப்போது நான்கும் சாம்பல் நிறமாக இருக்கின்றன. முகம் தெரியாது. ஓரத்தில் நீ சொன்ன மாதிரி இரண்டு விரல் விட்டிருக்கிறார்.

அடுத்த ஜனவரியில் வருவாய். நேராக வீட்டுக்கு வா. யாரும் உன்னை ஒன்றும் கேட்க மாட்டோம். நான் உன்னைக் கேட்க என்ன இருக்கிறது, நீ என்னைக் கேட்க என்ன இருக்கிறது.

இன்று குருத்தோலையோடு கோவிலிலிருந்து திரும்பும்போது கோடைமழை பிடித்துக்கொண்டது. வீட்டு வாசலுக்கு வந்ததும் உன் மாமாவும் பவுலினும் உள்ளே ஓடிவிட்டார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த மழையில் நான்கு படியையும் ஏறினேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன். மூன்றாம் படியில் நின்று காலை நன்றாக அழுத்திப் பார்த்தேன்.

வழுக்கவில்லை வின்சென்ட்.

உன் அக்கா,
எலிசபெத்